முதல் வெட்டு

எனக்க வீடு போன கதைய கேக்க வாறவிய எல்லாரும் முதல்ல எனக்க கையப் புடிச்சுக்கிடுதாவ. அதுதான் எனக்குப் புடிக்கல்ல. "ஊருக்காக வீட்டைக் குடுத்த தாய்"ன்னு எவனோ ஒருத்தன் எனக்க போட்டோவுக்கு அடியில எழுதி வாட்சப்புல விட்டுட்டான். அது சுத்திச் சுத்தி துபாய் வரைக்கும் போய், அங்கேருந்து ஆளுவ எனக்க மகளுக்கு போன் பண்ணி அழுதாவளாம். பொன்னாடை ரெண்டு வந்துச்சு. நான் மீன்காரி. பொன்னாடைய வச்சு நான் சாளைய மூடவா? எளவு, ஒரு மனுஷி மண்வெட்டியோட நிக்கிற போட்டோவப் பாத்தா, அவ காலையிலேருந்து அதை வச்சுக்கிட்டு என்ன செஞ்சான்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல்ல.

நடந்தத சொல்லுதேன். கேட்டு முடிச்சுப்போட்டு கையப் புடிக்கணும்னா புடிங்க.

பேரு செசிலி. வயசு அம்பத்திமூணு. இராஜாக்கமங்கலத்துக்குத் தெக்க, பொழி கடல்ல சேருற எடத்துல எங்க ஊரு. பொழின்னா, உள்நாட்டு வெள்ளமெல்லாம் வந்து கடல்ல விழுற வாய். மழையில்லாத மாசத்துல கடலே மண்ணை அள்ளிக்கொண்டு வந்து அந்த வாயை அடைச்சுப் போடும். ஆறேழு ஆளு வரிசையா நீட்டிப் படுத்தா எம்புட்டோ, அம்புட்டு அகலத்துக்கு ஒரு மண்திட்டு. அதுக்கு மேல சின்னப் பிள்ளைய எல்லாம் பந்து விளையாடும், நாங்க கருவாடு காயப் போடுவோம். மழைக்காலத்துல வெள்ளம் வந்தா போக வழியில்லாம அப்பிடியே பின்னால ஏறி, ஏலாவுல நிக்கும். ஏலான்னா வயக்காடு. வயலுக்கு அங்கே ஏலாக்கரைன்னு ஒரு ஊரு, தாழ்ந்த பூமி. அங்க உள்ளவிய வெள்ளத்துல கெடந்து "பொழிய வெட்டுங்கோ, பொழிய வெட்டுங்கோ"ன்னு அலறுவாவ.

வெட்டினா அவியளுக்கு வடியும். எங்களுக்கு இடியும். அதுதான் சங்கதி. பொழி தொறந்தா நேராப் போகாது. மேக்க சாயும். சாயுறப்ப மேக்க நிக்கிற வீட்டைக் கடிச்சுக்கிட்டுதான் போகும். எனக்கு விவரம் தெரிஞ்சே பதினோரு வீடு போயிருக்கு.

ஒரு காலத்துல ஏலாக்கரைக்காரனுவ ராவோட ராவா வந்து வெட்டிட்டுப் போயிருவானுவ. நாங்க போய் அடிப்போம். மண்டை உடைஞ்சிருக்கு, போலீஸ் வந்திருக்கு. நாங்க கத்தோலிக்கக் கோயில்காரங்க, அவிய புராட்டஸ்டண்டு சபைக்காரங்க. ரெண்டு பேரும் கும்பிடுதது ஒரே ஏசுவை, ஆனா பொழின்னு வந்தா ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்க மாட்டான். கடைசியில எங்க பங்குச்சாமியும் அவிய சபை ஐயரும் உக்காந்து பேசி ஒரு முறை வச்சாவ. பொழிக்கு அடுத்து எந்த வீடு நிக்கோ, அந்த வீட்டுக்காரங்கதான் முதல் வெட்டு வெட்டணும். அவிய ஒரு வெட்டு போட்ட பெறவு யாரும் வெட்டலாம், மெஷினும் வைக்கலாம். அவிய போடாம ஒருத்தனும் தொடப்பிடாது. எழுத்து ஒண்ணும் கெடையாது. ஆனா முப்பது வருஷத்துல மீறினவன் ஒருத்தன் கெடையாது. நட்டப்படுறவன் கையாலயே தொறந்தா, பின்ன யாரு யாரைக் குறை சொல்ல?

கொள்ளாம், நல்ல முறைதான். எனக்க வீடு அடுத்த வீடு ஆகுறது வரைக்கும் நானும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அந்த வீட்டைப் பத்தி சொல்லணும். எனக்க மாப்பிள ஏசுஅடிமை ஒக்கிப் புயல்ல போனாரு. ரெண்டாயிரத்திப் பதினேழு, நவம்பர் கடைசி. நாள்கணக்குல கடல்லயே தங்கி மீன் புடிக்கிற தங்குகடலுக்குப் போன வள்ளத்துல நாலு பேரு, ஒருத்தரும் வரல்ல. செத்த மேலு கூட கெடைக்கல்ல. கெடைக்காத மேலுக்குக் கல்லறை எங்க? அரசாங்கம் குடுத்த பணத்துல கட்டின வீடு அது. நான் அதை வீடுன்னு நினைக்கவே இல்ல. கல்லறைத் திருநாளுக்கு ஊர் முழுக்க கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுதிரியோட போகும். நான் எனக்க வீட்டு நடையில கொளுத்தி வைப்பேன். அவரு அங்கதான் கெடக்காருன்னு எனக்கொரு நினைப்பு. பைத்தியக்காரின்னு சொன்னாவ. சொல்லட்டு. ஒங்களுக்கெல்லாம் குழி இருக்கு, எனக்கு இந்த நாலு சுவருதானே இருக்குன்னு கேட்டேன். அதுக்குப் பெறவு யாரும் சொல்லல்ல.

இனி சத்தியக்கா. ஏலாக்கரையில நான் மீன் விக்கத் தொடங்கி இருபத்திரெண்டு வருஷம். சத்தியபாய் வீடுதான் கடைசி வீடு. கூடையில மிஞ்சினது என்னவோ அதை வாங்கிக்கிடுவாவ, நல்லதா நாத்தமான்னு பாக்க மாட்டாவ. முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் வெளி முத்தத்துல நின்னு வெள்ளம், அதான் தண்ணி, வாங்கிக் குடிச்சேன். பெறவு அடுக்களைத் திண்டுல உக்காந்து சாயா குடிச்சேன். எனக்க மாப்பிள போன அன்னைக்கு, கோயிலுக்குள்ள கால் வைக்காத அந்தப் பொம்பள, எங்க கோயில்ல வந்து எனக்கப் பக்கத்துல மூணு நாள் கெடந்தாவ. அவியளுக்க மாப்பிள சுந்தர்சிங் அண்ணன், கொளத்து ஷட்டரு தொறக்கிற வேலையில இருந்து ரிட்டயர் ஆனவரு. வெள்ளத்துக்க சொபாவம் அவருக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால வாதம் வந்து இடுப்புக்குக் கீழ விழுந்து போச்சு. வாய்க்கு ஒண்ணும் ஆகல்ல. "காலு லீவுல இருக்கு செசிலி, வாய்தான் ஓவர்டைம் பாக்கு"ன்னு சொல்லிச் சிரிப்பாரு. மகன் எட்சன் மஸ்கட்டுல. வீட்டுல இவிய ரெண்டு பேரு மட்டும்.

போன சவேரியார் திருநாளுக்கு நாலு நாள் இருக்கும். வாயில நுழையாத ஒரு பேரை வச்சு ஒரு புயல் வருதுன்னு சொன்னாவ. ஒக்கிக்குப் பெறவு இப்பம் எல்லாம் முன்கூட்டியே சொல்லிருதாவ. போன் அலறுது, கோயில் மைக் அலறுது, ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட். வள்ளம் ஒண்ணும் கடலுக்குப் போகல்ல. எல்லாத்தையும் மேட்டுக்கு ஏத்திக் கட்டியாச்சு. ஆம்பளையெல்லாம் கரையில நிக்கான், பின்ன என்ன பயம்னு நாங்க கொஞ்சம் இளிச்சுக்கிட்டுதான் இருந்தோம். புயலு கடல்ல மட்டும்தான் ஆளைக் கொல்லும்னு எங்களுக்கொரு எண்ணம்.

ரெண்டு நாள் விடாம மழை. மூணாம் நாள் காலையில ஒம்பது மணிக்கு, எங்க கோயில் பங்குப்பேரவை துணைத்தலைவர் ஷைஜு எனக்க வீட்டு நடையில வந்து நிக்கான். எனக்க மாப்பிளைக்க கூட்டாளிக்க மகன், முப்பத்தஞ்சு வயசு, நல்ல பய. கையில மண்வெட்டி. பின்னால வில்லேஜ் ஆபீஸர், குடை மறுபக்கம் மடங்கிப் போய் நிக்காரு. மண்திட்டுக்குக் கிட்ட ஜேசிபி தயாரா நிக்கு.

"மாமி, ஏலாக்கரையில முட்டுக்கு மேல வெள்ளம். இன்னும் ஏறுதாம். ஒரு வெட்டு போடுங்க. மிச்சத்தை மெஷின் பாத்துக்கிடும்" அப்பிடின்னு சொல்லி மண்வெட்டிய நீட்டினான்.

வாங்கினேன். அவங்கூட நடந்து மண்திட்டு வரைக்கும் போனேன். கடலு பெருசா இருந்துச்சு, பொய் சொல்லல்ல. ஒவ்வொரு அலையும் திட்டுக்குப் பாதி ஏறி வந்துச்சு.

"லேய், இப்பம் ஏத்தம். இப்பம் வெட்டினா கடலு உள்ள சாடிரும். ரெண்டு மணிக்கு இறக்கம் வரும். இறக்கத்துக்கு வெட்டலாம்"ன்னு சொன்னேன்.

நியாயமான பேச்சுதான். இறக்கம் பாத்துதான் பொழி வெட்டணும், கடக்கரையில எந்தக் குழந்தையக் கேட்டாலும் சொல்லும். ஷைஜுவால மறுத்துப் பேச முடியல்ல. ஆனா சொன்ன எனக்குத் தெரியும். நான் சொல்லும்போது கடலைப் பாக்கல்ல, திரும்பி எனக்க நடையப் பாத்தேன். அஞ்சு மணிக்கூறு இருக்கு, அதுக்குள்ள மழை நிக்கும், வெள்ளம் தானா வத்தும், வேற எங்கயாவது ஒரு பொத்தல் விழும், மாதாவே ஏதாவது செய்னு மனசுக்குள்ள கெடந்து வேண்டுதேன்.

"மாமி, அம்புட்டு நேரம் தாங்காது. குழந்தைகுட்டிய இருக்கு. சாமானெல்லாம் நாங்க எடுத்துத் தாறோம், ஒரு கரண்டி விடமாட்டோம்."

"சாமானுக்காகவாலே நான் அழுவுதேன்? தனக்கு மிஞ்சித்தான் தானம். ஒனக்க வீடு மேட்டுல இருக்கு, நீ பேசுவே."

அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. வில்லேஜ் ஆபீஸரு ஏதோ சட்டம் பேச வந்தாரு. ஷைஜுதான் அவரைத் தள்ளிக்கொண்டு போனான். "முறைன்னு ஒண்ணு இருக்கு சார். மாமி வெட்டாம யாரும் வெட்டப்பிடாது. வெட்டினா நாளைக்கு ஊரு ரெண்டாகும்." அப்பிடி எனக்காகப் பேசினதும் அவன்தான்.

பத்து மணிக்கு சத்தியக்கா போன். நான் வீட்டுக்க பின்னால போய் எடுத்தேன்.

"ஏட்டி செசிலி, வெள்ளம் நடைய தாண்டிட்டு. அண்ணனைக் கட்டிலோட தூக்கி பெஞ்சு மேல வச்சிருக்கேன். தனியா எப்பிடித் தூக்கினேன்னு எனக்கே தெரியல்ல. எப்பம் வெட்டுவாவ?"

அந்த இடத்துல நான் என்ன சொல்லியிருக்கணும்? நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன் அக்கான்னு சொல்லியிருக்கணும்.

"பயலுவ இறக்கத்துக்கு நிக்கணும்ங்கானுவ அக்கா. ரெண்டு மணி ஆகும்."

"ரெண்டா? நீ கொஞ்சம் சொல்லிப் பாரு மக்கா. நீ சொன்னா கேப்பானுவ."

"சொல்லுதேன்."

இப்பிடித்தான் அந்தப் பொய் தொடங்கிச்சு. சின்னப் பொய். ரெண்டு மணிக்கு வெட்டிட்டா அதுவும் வடிஞ்சு போயிரும்னு நினைச்சேன்.

அவியளை யாராவது போய் கூட்டிட்டு வரப்பிடாதான்னு நீங்க கேப்பிய. நானும் ஷைஜுகிட்ட கேட்டேன். வள்ளம் கொண்டு போனா ஏலாவுக்குள்ள ஒழுக்கு அடிச்சுப் புரட்டிப் போடும், ரெண்டு வள்ளம் போய் ரோட்டோரத்து வீட்டாளுவள மட்டும் ஏத்திக்கிட்டு வந்துச்சுன்னு சொன்னான். சத்தியக்கா வீடு ஏலாவுக்க நடுவுல, வரப்புக்கு அங்க. வெள்ளம் குறைஞ்சாத்தான் போக முடியும்.

பன்னிரெண்டு மணிக்கு மறுபடியும் போன். இந்தத் தடவை அண்ணன்.

"செசிலி, நல்லாக் கேளு. ரெண்டு மணிக்குக் கடலு இறங்காது."

"என்னண்ணே சொல்லுதிய? கலண்டர்ல போட்டிருக்கே."

"கலண்டருக்குக் காத்து தெரியுமா? காத்து கடல்லேருந்து கரைக்கு அடிக்கு. புயலு தாண்டிப் போறது வரைக்கும் காத்து வெள்ளத்தைப் புடிச்சு கரையிலயே நிறுத்தி வைக்கும். இன்னைக்கு இறக்கமே கெடையாது. அது ஒண்ணு. ரெண்டாவது, இங்க உள்ள வெள்ளம் இப்பம் கடலை விட உயரம். வெட்டினா வெளியதான் போகும், கடலு உள்ள வராது. நான் முப்பது வருஷம் ஷட்டரு தொறந்தவன். பயலுவகிட்ட சொல்லு, சிங் சொன்னாருன்னு சொல்லு. இப்பமே வெட்டச் சொல்லு."

"சரிண்ணே."

"நானே வந்து சொல்லியிருப்பேன். காலு லீவுல இருக்கே."

சிரிச்சாரு. பின்னால சத்தியக்கா, "என்ன சொல்லுதா, சொல்லுதாளா?"ன்னு கேக்கது கேட்டுச்சு. போனை வச்சேன்.

திரும்பினா ஷைஜு நிக்கான். மழையில நனைஞ்சு ஒதடு நீலமா இருக்கு.

"யாரு மாமி?"

அவங்கிட்ட சொல்லியிருந்தா போதும். சிங் அண்ணன் சொன்னாருன்னா எங்க ஊருல கூட மறுபேச்சு கெடையாது. கடலு மேல நான் போட்ட பழி அப்பமே கழண்டு விழுந்திருக்கும். அதுக்குப் பெறவு வீட்டைத் தவிர வேற காரணம் சொல்ல எனக்கு ஒண்ணும் இருந்திருக்காது.

"மக. ரெஜிஷா. அவ இருக்குற இனயத்துலயும் நல்ல மழையாம்"ன்னு சொன்னேன்.

அவன் ரெண்டாவது தடவையா கெஞ்சினது அப்பம்தான். மண்ணுல முட்டு குத்தி நின்னு கெஞ்சினான். "மாமா இருந்தா வெட்டியிருப்பாரு மாமி"ன்னு சொன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு அவன் கன்னத்துல ஒண்ணு வச்சேன். "எனக்க மாப்பிள இருந்தா எனக்கு எதுக்குலே இந்த வீடு"ன்னு கேட்டேன். சுத்தி நின்ன பொம்பளைய எல்லாரும் அழுதாளுவ. எனக்காக அழுதாளுவ. நான் சரின்னு நினைச்சு அழுதாளுவ.

ரெண்டு மணி ஆச்சு. கடலு இறங்கல்ல. ஒரு விரக்கடை இறங்கல்ல. எல்லாரும் கடலைப் பாத்தாவ, பெறவு என்னைப் பாத்தாவ. அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாம அங்க நிக்கு. எனக்கு மட்டும் அது ஆச்சரியமா இல்ல.

"இன்னும் அரை மணிக்கூறு பாப்போம்"ன்னு சொன்னேன்.

ஷைஜு வந்து மண்வெட்டிய புடுங்கப் பாத்தான். "பழி எனக்கு மாமி, நான் வெட்டுதேன்." மூணாவது தடவை. நான் மண்வெட்டிய மண்ணுல போட்டு அதுக்கு மேல ஏறி உக்காந்துட்டேன். அம்பத்திமூணு வயசுக்காரி, மழையில, மண்வெட்டிப் பிடிக்கு மேல. அந்த நேரம் யாராவது போட்டோ எடுத்திருந்தா எம்புட்டு நல்லா இருந்திருக்கும். ஒருத்தனும் எடுக்கல்ல.

அரை மணிக்கூறு கழிஞ்சு போன் அடிச்சுச்சு. சத்தியக்கா நம்பரு. எடுத்தேன். பேச்சு ஒண்ணும் இல்ல. ஒரு அலறல். அதுக்குப் பின்னால ஏதோ இடியுற சத்தம், வெள்ளம் சாடுற சத்தம். "ஐயோ அவரே, ஐயோ அவரே"ன்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. கட் ஆச்சு. திருப்பி அடிச்சேன், போகல்ல. திருப்பித் திருப்பி அடிச்சேன்.

பெறவு எந்திரிச்சு வெட்டினேன். ஒரு வெட்டு போட்டா போதும், அதுதான் முறை. நான் நிறுத்தல்ல. பைத்தியம் புடிச்ச மாதிரி வெட்டினேன், அலை வந்து முகத்துல அடிச்சுச்சு, சீலை கழண்டு தொங்கிச்சு. அப்பம்தான் எவனோ போட்டோ எடுத்திருக்கான். ஷைஜு வந்து என்னைக் கட்டிப் புடிச்சு இழுத்து அங்கேருந்து மாத்தினான். ஜேசிபி எறங்குச்சு. மணி மூணு.

உள்ள இருந்த வெள்ளம் வெளியதான் போச்சு. கடலு உள்ள வரல்ல. சாணகலத்துக்குத் தொறந்த வாய் அரை மணிக்கூறுல ரோடு அகலம் ஆச்சு, பெறவு கோயில் மைதானம் அகலம் ஆச்சு. மேக்க சாஞ்சுச்சு. எனக்க வீட்டுக்க அடியில இருந்த மண்ணு கொஞ்சம் கொஞ்சமா போறத நான் நின்னு பாத்தேன். சாமானை எடுக்க ஓடின பயலுவளை நான்தான் வேண்டாம்னு தடுத்தேன். அஞ்சு மணிக்கு அடுக்களை போச்சு. பெறவு நடை. பெறவு ஒண்ணும் இல்ல, வெள்ளம்தான். எனக்க மாப்பிள ரெண்டாம் தடவை போனாரு. முதல் தடவை அழுத மாதிரி எனக்கு அழுகை வரல்ல. யாருக்காக அழணும்னு எனக்கு ஒரு நிச்சயமும் இல்ல.

ஊர்க்காரிய எல்லாரும் என்னைக் கெட்டிப் புடிச்சு ஒப்பாரி வச்சாளுவ. ஷைஜு எனக்க காலுல விழுந்தான். நான் அடிச்ச கன்னம் வீங்கியிருந்துச்சு. "என்னை மன்னிச்சிருங்க மாமி, ஒங்களைக் கட்டாயப்படுத்திட்டேன்"ங்கான்.

பொழுது அடையுறதுக்குள்ள ஏலாவுல ரெண்டு அடி குறைஞ்சுச்சு. வள்ளம் போச்சு. போனவனுவ வந்து சொன்னானுவ. சத்தியக்கா வீட்டுல பின்னால உள்ள சுவரு ஊறிப் போய் ரெண்டரை மணிக்கு இடிஞ்சிருக்கு. கட்டிலோட அண்ணன் அதுக்கு அடியில போயிட்டாரு. சத்தியக்கா அவருக்க கையப் புடிச்சுக்கிட்டு, கழுத்தளவு வெள்ளத்துல, வள்ளம் வாறது வரைக்கும் நின்னிருக்காவ. கையை விடச் சொன்னா விடல்லியாம்.

மண்வெட்டிய எனக்க கையில தந்தது ஒம்பது மணிக்கு. ஒம்பதுக்கு வெட்டியிருந்தா பன்னிரெண்டுக்கு ஏலா வடிஞ்சிருக்கும். பன்னிரெண்டுக்கு, அண்ணன் சொன்னப்ப வெட்டியிருந்தாகூட, அந்தச் சுவரு நின்னிருக்கும். வீடு அப்பவும் போயிருக்கும், இப்பவும் போச்சு. இதை நான் அன்னைக்கு ராத்திரியே யோசிச்சுப் பாத்தாச்சு. தினமும் யோசிக்கேன்.

சபைக் கல்லறையில வெள்ளம் நின்னதுனால அண்ணனை ஆஸ்பத்திரியில வச்சிருந்து, எட்சன் மஸ்கட்டுலேருந்து வந்த பெறவு நாலாம் நாளு அடக்கம் பண்ணினாவ. நான் போகல்ல. காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிட்டேன். மேட்டுல உள்ள பள்ளிக்கூடத்துல எங்களுக்கும் ஏலாக்கரைக்காரங்களுக்கும் சேத்து முகாம் போட்டிருந்துச்சு. எங்களுக்கு இந்தப் பக்கத்து வகுப்பு, அவியளுக்கு அந்தப் பக்கத்து வகுப்பு, நடுவுல வராந்தா. எங்க கோயில் பயலுவ எல்லாருக்கும் கஞ்சி வச்சு ஊத்தினானுவ.

அடக்கம் கழிஞ்ச மறுநாள் மத்தியானம், நான் தட்டை வச்சுக்கிட்டு வராந்தாவுல உக்காந்திருக்கேன். சத்தியக்கா வந்தாவ. வெள்ளைச் சீலை, கையில கட்டு. நாலு நாளுல ஆளு பாதியாப் போயிருந்தாவ. நேரா வந்து எனக்கப் பக்கத்துல உக்காந்து எனக்க தலையப் புடிச்சு மடியில சாச்சுக்கிட்டாவ.

"ஏட்டி செசிலி, ஒனக்க வீடும் போச்சேட்டி. மாப்பிளைக்கு ஒரு விளக்கு வைக்கக்கூட ஒனக்கு எடமில்லாமப் போச்சேட்டி."

அவிய மாப்பிளையப் புதைச்சு ஒரு நாள் ஆகல்ல. எனக்க வீட்டுக்கு அழுதாவ. அந்தப் பொம்பளைக்க மடியில தலை வச்சுக் கெடக்கும்போது, இப்பிடியே எனக்க உசிரு போனா என்னான்னு நினைச்சேன். போகல்ல.

பெறவு கண்ணைத் தொடச்சுப்போட்டு கேட்டாவ.

"பன்னிரெண்டு மணிக்கு அண்ணன் போன்ல சொன்னாவல்லா, கடலு இறங்காது, இப்பமே வெட்டுங்கோன்னு. நீ பயலுவகிட்ட சொன்னியாட்டி?"

ஷைஜு அந்த நேரம் கஞ்சி வாளியோட எங்க வரிசைக்கு வந்துக்கிட்டிருந்தான். எனக்கு எதுத்தாப்புல ரெண்டு எட்டு தள்ளி நிக்கான். அவனுக்கு எல்லாம் கேக்கும்.

"சொன்னேன் அக்கா"ன்னு சொன்னேன்.

"கேக்கல்லியா?"

"கேக்கல்ல."

சத்தியக்கா பைய தலையத் தூக்கி அவனைப் பாத்தாவ. அம்புட்டு வருஷத்துல அந்த வாயிலேருந்து ஒரு கெட்ட வார்த்தை நான் கேட்டதில்ல.

"ஒனக்கொரு அப்பன் இருக்கானாலே? காலு நடக்க முடியாத ஒரு மனுஷன், அங்க கெடந்துக்கிட்டு ஒங்களுக்குப் புத்தி சொல்லி அனுப்பினாரே. அதைக்கூடக் கேக்க முடியாமப் போச்சாலே ஒங்களுக்கு? இவ ஒருத்தி சொல்லியும் கேக்கல்லியேலே. நீ நல்லா இருப்பியா? ஒனக்க தலைமுறை நல்லா இருக்குமா?"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. அந்தப் பக்கத்து வகுப்புலேருந்து எட்சன் எந்திரிச்சு வந்தான்.

ஷைஜு என்னைப் பாத்தான். அந்த போன் மகளுக்க போன் இல்லேன்னு அவனுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். மூணு தடவை கெஞ்சினவன். முட்டு குத்தி நின்னவன். எனக்க காலுல விழுந்து மன்னிப்புக் கேட்டவன். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவனுக்கு சாட்சிக்கு ஊரே இருக்கு. வாயத் தொறந்தான். எனக்க மூஞ்சியில என்னத்தக் கண்டானோ, மூடிக்கிட்டான்.

"தப்புதான் அம்மா"ன்னு சத்தியக்காகிட்ட சொன்னான்.

பெறவு குனிஞ்சு, அகப்பையில கஞ்சிய எடுத்து, "ஊத்தட்டா மாமி?"ன்னு கேட்டான்.

நான் தட்டை நீட்டினேன். ரெண்டு அகப்பை ஊத்தினான். குடிச்சேன்.